தொலைந்தால் தொலையட்டும், தாமதம் கூடாது

இணையம் வழியாகத் தொலைபேசியில் பேசும்போது எதிர்முனைக் குரல் சட்டென்று கரகரக்கும். ஓர் எழுத்து காணாமல் போகும். அடுத்த சொல் ஒன்றும் நடவாததுபோல் தெளிவாக வந்துவிடும். நெட் சரியில்லை என்று சலித்துக்கொண்டு பேச்சைத் தொடர்கிறோம். நெட் சரியில்லைதான்; வழியில் ஒரு துணுக்கு தொலைந்துவிட்டது. ஆனால் தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டாம் என்று கைப்பேசியில் உள்ள செயலி தெரிந்தே விட்டுவிட்டது. அது சரியான முடிவு. அந்த முடிவெடுக்கும் உரிமையைச் செயலியின் கையில் விட்டுவைத்தது, இணையத்தை வடிவமைத்தவர்கள் செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று என்பது என் எண்ணம். இன்று பல இடங்களில் அந்த உரிமை யாருக்கும் தெரியாமலே பறிபோகிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இணையத்தில் எது போனாலும் சிறு சிறு பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டே போகிறது. அடித்தளமான ஐபி நெறிமுறை முகவரியைப் பார்த்து ஒவ்வொரு பாக்கெட்டையும் அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடும். போய்ச் சேரும் என்று உறுதி தராது. வரிசை மாறலாம், நெரிசலில் ரவுட்டரே தூக்கி எறிந்துவிடலாம். இந்தக் குறையை நிரப்புவது அதன்மேல் ஓடும் டிசிபி என்ற நெறிமுறை. எல்லாவற்றுக்கும் வரிசை எண் இட்டு, வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்டு, வராததை மறுபடி அனுப்பி, வரிசை குலையாமல் அடுக்கிய பிறகே செயலியிடம் கொடுக்கும். வங்கிக் கணக்கு விவரமோ பத்திரத்தின் நகலோ போகிறதென்றால் இதுதான் வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் விபரீதம். டிசிபிக்கு மாற்றான யுடிபி என்ற நெறிமுறை இதில் எதையும் செய்யாது. இரு முனைகளின் போர்ட் எண்கள், நீளம், பிழை கண்டுபிடிக்க ஒரு கூட்டுத்தொகை, ஆக 8 பைட் தலைப்பு. அத்தோடு அதன் வேலை முடிந்தது.

குரலுக்கு ஏன் அந்த மொட்டை நெறிமுறையே நல்லது என்பது கணக்குப் போட்டால் விளங்கும். பேச்சைப் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். விநாடிக்கு 50 துண்டுகள். 'வணக்கம்' என்று சொல்ல அரை விநாடி ஆனால் அந்த ஒரு சொல் 25 பாக்கெட்டுகளாகப் பயணம் போகிறது. சென்னையிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு நேர்தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலே போக 70, வர 70 மில்லி விநாடி. நிஜக் கேபிள்கள் சுற்றிப் போகின்றன. போய்வர 250 என்று வைத்துக்கொள்வோம். இப்போது டிசிபியில் பேசுகிறோம், 7ஆம் பாக்கெட் தொலைகிறது. பெறும் முனையில் 8, 9, 10 வந்து, "இன்னும் 7தான் வேண்டும்" என்ற ஒப்புகை மூன்று முறை திரும்பப் போனால்தான் அனுப்பிய பக்கம் அது தொலைந்ததாக முடிவு கட்டும். அதற்கு 60 மில்லி விநாடி. செய்தி போய் மறுபிரதி வர 250. ஆக 310 மில்லி விநாடி பிந்தி 7 வருகிறது. அதற்குள் 8 முதல் 22 வரை பதினைந்து துண்டுகள் பத்திரமாக வந்து கைப்பேசிக்குள்ளேயே காத்துக் கிடக்கின்றன; 7 வராமல் அவற்றை வெளியே விடக்கூடாது என்பது டிசிபியின் விதி. ஒரு துண்டைக் காப்பாற்றப்போய்ப் பேச்சே நின்றுவிடுகிறது. இலையை மடித்த பிறகு வரும் பாயசத்தால் யாருக்கு என்ன பயன்? ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும், 400ஐத் தாண்டவே கூடாது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று திணறுவதுதான் மிச்சம். யுடிபியில் போனால் 7ஐ மறந்துவிட்டு, 6இன் ஒலியையே சற்று நீட்டி இடைவெளியை மூடிவிடலாம். பெரும்பாலும் காதுக்கே தெரியாது.

இந்த ஞானம் நேற்று வந்ததல்ல. 1974 ஆகஸ்டிலேயே, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஐஎஸ்ஐ ஆய்வகத்துக்கும் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே குரலை அனுப்பிப் பார்த்தார்கள். அதில் முன்னின்றவர் டேனி கோஹன். குரலுக்கு முழுமையைவிட நேரம்தான் முக்கியம் என்று அவர் விடாமல் வாதாடினார். அன்றைய டிசிபி, இன்று ஐபி செய்யும் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஒரே பெரிய நெறிமுறை. உறுதி வேண்டாம் என்று சொல்லும் வசதி அதில் இல்லை. கோஹன், ஜான் போஸ்டல், டேவிட் ரீட் போன்றோரின் வற்புறுத்தலால் 1978இல் அது டிசிபி, ஐபி என்று இரண்டாகப் பிரிந்தது. உறுதி வேண்டாதவர்களுக்காக 1980இல் போஸ்டல் யுடிபியை எழுதினார். அந்த ஆவணம் மூன்றே பக்கம். அதன்மேல் குரலுக்கும் படத்துக்கும் தேவையானதை மட்டும் சேர்த்து 1996இல் ஆர்டிபி வந்தது. 12 பைட் தலைப்பில் வரிசை எண் ஒன்று, நேரமுத்திரை ஒன்று. இரண்டும் எதற்கு? பேசுகிறவர் மௌனமாக இருந்தால் செயலி எதையும் அனுப்பாமல் இருக்கலாம். அப்போது நேரமுத்திரை தாவும், வரிசை எண் தொடரும். வரிசை எண்ணிலேயே ஓட்டை விழுந்தால் பாக்கெட் தொலைந்திருக்கிறது. மௌனத்தையும் இழப்பையும் பிரித்தறிய அவ்வளவே போதுமாக இருக்கிறது.

யூடியூபும் சினிமாத் தளங்களும் பல ஆண்டுகள் டிசிபியிலேதானே ஓடின, படம் நன்றாகத்தானே வந்தது என்று கேட்கலாம். வந்தது, ஏனென்றால் சினிமா நம் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. பல விநாடிகளுக்கான படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் நடுவில் தொலைந்ததைச் சாவகாசமாக மறுபடி வாங்கலாம். அந்தச் சேமிப்புக்கு விலை உண்டு. கிரிக்கெட் நேரலையில் பக்கத்து வீட்டு டிவியில் சிக்ஸர் போய்க் கூச்சலும் அடங்கிய பிறகே நம் போனில் பவுலர் ஓடிவருகிறார். பார்ப்பதற்கு அந்தத் தாமதம் பொறுக்கும், பேசுவதற்குப் பொறுக்காது. வேகமான இணைப்பு வந்தால் எல்லாம் தீரும் என்பாரும் உண்டு. ஃபைபர் நெரிசலைக் குறைக்கும், கலிஃபோர்னியாவைப் பக்கத்தில் கொண்டுவராது. வைஃபையில் சுவருக்கு அந்தப் பக்கம் போனாலே பாக்கெட்டுகள் தடுமாறும்.

கனமான ஆட்சேபம் வேறொன்று: யுடிபிக்குக் கட்டுப்பாடு இல்லை, எல்லோரும் இஷ்டத்துக்கு அனுப்பினால் இணையம் திணறாதா? திணறியிருக்கிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சில நூறு கஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. அன்று ஓடியது டிசிபிதான். நெரிசலைக் கண்டால் வேகத்தைக் குறைக்கும் வழியை வேன் ஜேக்கப்சன் அதற்குக் கற்றுக்கொடுத்த பிறகே நிலைமை சீரானது. அதே ஜேக்கப்சன் ஆர்டிபியை எழுதிய நால்வரில் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆர்டிபியோடு கூடவே ஆர்டிசிபி என்ற துணை நெறிமுறையும் வந்தது. எத்தனை தொலைந்தன, வருகை எவ்வளவு சீரற்றிருக்கிறது என்று பெறும் முனை அவ்வப்போது அறிக்கை அனுப்பும். அதைப் பார்த்து அனுப்பும் செயலி படத்தின் தரத்தைத் தாழ்த்தும். வீடியோ அழைப்பில் முகம் மங்கி, குரல் மட்டும் அறுபடாமல் வருவது அப்படித்தான். கட்டுப்பாடு போய்விடவில்லை, எதைக் குறைப்பது என்று அறிந்த இடத்துக்கு, செயலிக்கு, மாறியிருக்கிறது. அப்படிப் பொறுப்பாக எழுதப்படாத செயலி பக்கத்து இணைப்புகளை நசுக்கும் என்பதும் உண்மைதான். அதற்காகக் குரலை டிசிபிக்குள் அடைப்பது தீர்வாகாது.

ஆனால் நடப்பது அதுதான். பல அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஃபயர்வாலில் யுடிபியை மொத்தமாக மூடிவிடுகிறார்கள். அதில் அனுப்புநர் முகவரியைப் போலியாக இடுவது சுலபம், அதை வைத்துத் தாக்குதல் நடக்கிறது என்ற அச்சம் நியாயமானது. ஆனால் உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கு வரும் பதிலை மட்டும் அனுமதிக்க ஃபயர்வாலுக்குத் தெரியும். மொத்தமாக மூடினால் வீடியோ செயலிகள் வேறு வழியின்றி டிசிபிக்கு மாறிக்கொள்கின்றன, பேச்சு திக்குகிறது, காரணம் தெரியாத நிர்வாகம் கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டுகிறது. இப்படி நடுவழியில் மறிக்கும் பெட்டிகளால்தான் 2006இல் நேரடி ஒலி-ஒளிக்கென்றே தரப்படுத்தப்பட்ட டிசிசிபி பரவாமல் போனது. அதனால் 2021இல் தரப்படுத்தப்பட்ட க்விக் நெறிமுறையை யுடிபியின் மேலேயே கட்டினார்கள். ஒரே இணைப்பில் கோப்பை உறுதியோடும் குரலை உறுதியில்லாமல் உடனடியாகவும் அனுப்பும் வசதி 2022இல் அதில் சேர்ந்தது. அதுவும் வளாகத்துக்குள் நுழைய வேண்டுமானால் யுடிபி 443ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். இன்றைய அழைப்புகள் பலவற்றுக்கு 3478உம்.