டாக்டர் ஏன் தட்டிப் பார்க்கிறார்?

"எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்!" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவள்தான் நான். சின்னவளின் இருமலுக்காக டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். அவளைப் பார்த்து முடித்ததும், "நீங்களும் உட்காருங்க" என்று என் கையில் பட்டையைச் சுற்றிவிட்டார். 160/100! தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. நம்பவே முடியவில்லை.

என் அம்மாவுக்கும் இப்படித்தான். பக்கவாதம் வந்து படுத்த பிறகுதான், ரத்தக் கொதிப்பு இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது.

"ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக்கூடாது" என்று மேலும் இரண்டு நாள் வரவழைத்துப் பார்த்த பிறகே மாத்திரை கொடுத்தார். அந்த நாட்களில் அவரைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டேன். பரிசோதனை என்பது நாலு வேலைதானாம்.

பார்ப்பது: கீழ் இமையின் உள்பக்கம் வெளிறியிருந்தால் சோகை இருக்கலாம். கண்ணின் வெள்ளை மஞ்சளித்தால் காமாலையோ என்று சந்தேகம். நகமும் சேதி சொல்லும். அன்றைக்கு நகப்பூச்சு வேண்டாம்.

தொடுவது: ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களுக்கு நாடி நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை, குழந்தைகளுக்கு இன்னும் வேகம். வயிற்றை அழுத்தி "மூச்சை இழுங்க" என்பது எதற்கு? மூச்சு இழுக்கும்போது கல்லீரல் கீழே இறங்கிக் கைக்குத் தட்டுப்படுமாம்.

தட்டுவது: நாம் பானையைத் தட்டி வாங்குவதில்லையா? அதேதான்! காற்று நிறைந்த நுரையீரல் 'டங்'கென்னும். நீர் கோத்திருந்தால் 'மொத்'தென்னும். ஆஸ்திரியாவின் அவுன்புருகர் என்ற டாக்டர் 1761-ல் இதைப் புத்தகமாக எழுதினார். அவர் சத்திரக்காரர் மகன்.

கேட்பது: 1816-ல் பாரிஸில் லென்னக் என்ற டாக்டர், ஒரு இளம் பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது! ஒரு பெண்ணின் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுத்ததில் வந்த கருவி. நாம் கூச்சப்பட்டு டாக்டரிடம் போகாமலிருப்பது நியாயமா, சொல்லுங்கள்!

ரத்த அழுத்தம் பார்க்கப் போகும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்: அரை மணிக்கு முன்பே காப்பியை நிறுத்துங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வையுங்கள். இறுக்கமான ரவிக்கைக் கை வேண்டாம். அளக்கும்போது பேசாதீர்கள். இதில் எது தப்பினாலும் கணக்குத் தப்பும்.

இன்று மாத்திரை சாப்பிடுகிறேன், ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்துவிட்டேன். போன வாரம் 130/84. சின்னவளுக்கு அன்று இருமல் வந்ததே நல்லதாகப் போயிற்று!

குழந்தையின் தடுப்பூசித் தேதியைக் காலண்டரில் குறிக்கிறோமே, பக்கத்தில் நம் பெயருக்கும் ஒரு நாள் குறித்துக்கொண்டால் என்ன?