முட்டி ஜவ்வு கிழிந்ததா? வலி போனதும் பிசியோவை நிறுத்தாதீர்கள்: 9 மாதக் கணக்கு என்ன சொல்கிறது?

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு உலகம். ஒரு பக்கம் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க். இன்னொரு பக்கம், சில கிலோமீட்டர் தள்ளி, காரியவட்டம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம் அங்கேதான் இருக்கிறது. 2023 ஜனவரி 15 அன்று இலங்கையை இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்ததும் (அப்போது அது ஒருநாள் போட்டிகளில் உலக சாதனை) அதே மைதானத்தில்தான். 1985இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்வியியல் கல்லூரியும் அதே காரியவட்டத்தில்தான்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை சிஸ்டம் முன்னால் ஒன்பது மணி நேரம். சனிக்கிழமை ராத்திரி டர்ஃபில் ஃபுட்பால், அல்லது ஷட்டில். ஐந்து நாள் உட்கார்ந்தே இருந்த கால், வார்ம்-அப் இல்லாமல் நேராக முழு வேகத்துக்குப் போகிறது. பந்தைத் துரத்தித் திடீரெனத் திரும்பும்போது பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் சுழல்கிறது. முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி பந்து மாதிரி வீங்குகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஏசிஎல் டியர்’ என்று வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, “ஆபரேஷன் எவ்வளவு ஆகும்?” என்பதுதான். மறுபடி விளையாட முடியுமா, அதே முட்டி மறுபடி கிழியுமா என்பதைப் பெரும் அளவுக்குத் தீர்மானிப்பது அதற்குப் பின்னால் வரும் மாதங்கள். அந்த மாதங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எது கிழிகிறது?

நம்ம ஊரில் ‘ஜவ்வு’ என்ற ஒரே வார்த்தையில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். ஒன்று லிகமெண்ட்: எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கும் கயிறு. இன்னொன்று மெனிஸ்கஸ்: தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் இருக்கும் குஷன். ஏசிஎல் முதல் வகை. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. பல சமயம் இரண்டும் சேர்ந்தே அடிபடும். அதனால் ரிப்போர்ட் வந்ததும் எது கிழிந்தது, முழுசாகவா பாதியாகவா, குஷனும் சேர்ந்து கிழிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் காயங்களில் பெரும்பாலானவை யாரும் வந்து மோதாமலேயே நடக்கின்றன. ஒரே மாதிரி விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஆபத்து அதிகம்.

முதல் மூன்று நாள்

இந்த நேரத்தில் ஊரிலிருந்து வரும் யோசனை ‘புத்தூர் கட்டு’. மலையாளி ரூம்மேட் சொல்லும் யோசனை ‘உழிச்சில்’, அதாவது எண்ணெய் தடவி உருவுவது. வீங்கிய முட்டியில் முதல் சில நாட்களுக்கு உருவுதல், சூடு, மது மூன்றும் வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவு கூடும். ஓய்வு, துணி சுற்றிய ஐஸ், இறுக்கமில்லாத கட்டு, காலை உயர்த்தி வைப்பது ஆகியவை போதும். என்ன அடிபட்டிருக்கிறது என்று தெரியாமல் யாரும் முட்டியைப் பிடித்துத் திருகக் கூடாது.

நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, முட்டி மடங்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டாலோ, பாதம் மரத்துப்போனாலோ அல்லது சில்லிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லோருக்கும் ஆபரேஷன் கட்டாயமா?

இல்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு குழுவில் இருந்த 59 பேருக்கு முதலில் பிசியோ, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், முட்டியின் நிலையில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் வரை பார்த்தபோதும், அந்த 59 பேரில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆபரேஷன் இல்லாமலேயே இருந்தார்கள்.

இதை வைத்து ‘ஆபரேஷனே வேண்டாம்’ என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். தொழில்முறை வீரர்கள் அந்த ஆய்வில் இல்லை. 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று, அடிபட்டுப் பல நாள் ஆகியும் முட்டி ‘நழுவுது’ என்று அவதிப்பட்ட 316 பேரைப் பார்த்தது. அவர்களுக்கு ஆபரேஷனே நல்ல பலன் கொடுத்தது. பிசியோ குழுவில் இருந்தவர்களிலும் 41 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நடக்கும்போதே முட்டி நழுவினாலோ, குஷனும் சேர்ந்து கிழிந்திருந்தாலோ, ஃபுட்பால் மாதிரி திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுக்குத் திரும்பியே ஆகணும் என்றாலோ ஆபரேஷன் பக்கம் தராசு சாயும். ஓடுவது, சைக்கிள், ஜிம் போதும் என்பவர்கள் முதலில் மூன்று மாதம் ஒழுங்காகப் பிசியோ செய்துவிட்டு முடிவெடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். எந்த வழியில் போனாலும் பிசியோவைத் தாண்டிப் போக முடியாது.

ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே என்ன நடக்கிறது?

கிழிந்த ஏசிஎல்லைப் பெரும்பாலும் தைப்பதில்லை. உங்கள் பின்தொடையிலிருந்தோ, முட்டிச்சில்லுக்குக் கீழே இருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளைபோட்டுப் பொருத்துகிறார்கள். அந்தப் புது நாருக்கு முதலில் ரத்த ஓட்டம் கிடையாது. பழைய செல்கள் இறந்து, புது ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, அது மெல்ல மெல்ல லிகமெண்ட்டாக மாறணும். இதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆபரேஷன் ஆன அன்று இருந்த பலம்கூட, இரண்டு மூன்று மாதத்தில் அந்த நாருக்கு இருக்காது. அதே நேரத்தில்தான் உங்களுக்கு வீக்கம் வடிந்து, வலி போய், ஆபீசுக்கு நடந்து போகிறீர்கள். வெளியே எல்லாம் சரி, உள்ளே நார் பலவீனம். பிசியோவைப் பலர் நிறுத்துவதும் இதே கட்டத்தில்தான்.

இன்னொரு பிரச்சினை தொடையில். முட்டி வீங்கியிருக்கும்போது முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே குறைத்துவிடுகிறது. சில வாரங்களில் தொடை இளைத்துப்போகும். நடந்தால் மட்டும் அது திரும்பி வராது. எடை வைத்துப் பயிற்சி செய்தால்தான் வரும்.

ஒன்பது மாதம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்ட 106 பேரை நார்வேயில் இரண்டு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளியானது. அதில் மூன்று எண்கள் முக்கியம்.

• ஒன்பது மாதத்துக்கு முன்பே விளையாடப் போனவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு முட்டியில் மறுபடி அடிபட்டது. அதற்குப் பிறகு போனவர்களில் 19.4 சதவீதம்.

• ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய ஆபத்து சுமார் பாதியாக (51 சதவீதம்) குறைந்தது.

• பலமும் தாவும் திறனும் சரியாக இருக்கிறதா என்ற டெஸ்டில் தேறாமலே விளையாடப் போனவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு மறுபடி அடிபட்டது. தேறிவிட்டுப் போனவர்களில் 5.6 சதவீதம்.

கடைசி எண்ணைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படிக்கணும். 5.6 சதவீதம் என்பது 18 பேரில் ஒருவர். இன்னும் ஒருவருக்கு அடிபட்டிருந்தால் அது 11 ஆகியிருக்கும். துல்லியமான எண்ணை விட்டுவிட்டு, அது காட்டும் திசையை எடுத்துக்கொள்ளுங்கள்: காத்திருந்தவர்களுக்கும் டெஸ்டில் தேறியவர்களுக்கும் ஆபத்து தெளிவாகக் குறைவு.

இன்னொரு எண்ணும் தெரிந்திருப்பது நல்லது. 69 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014 தொகுப்பின்படி, ஆபரேஷனுக்குப் பிறகு 81 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். பழைய அளவுக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம் மட்டுமே.

வீரர்கள் மட்டும் சீக்கிரம் வருகிறார்களே?

பாலக்காட்டைச் சேர்ந்த நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கரைப் பாருங்கள். 2023இல் 8.41 மீட்டர் தாண்டியவர். பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதியும் பெற்றிருந்தார். 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முட்டியில் அடிபட்டது. தோஹாவில் ஆபரேஷன் நடந்தது, ஒலிம்பிக் போனது. மறுபடி போட்டியில் இறங்கியது 2025 ஜூலையில், புனேயில். அன்று 8.05 மீட்டர் தாண்டி ஜெயித்தார். அவருக்கு அடிபட்டது ஏசிஎல் இல்லை, முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் நார். கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் விளையாட்டையே முழுநேர வேலையாக வைத்திருப்பவருக்கே ஏறக்குறைய 15 மாதம் ஆனது. தினமும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருக்கும் உங்களுக்கு நான்கு மாதத்தில் முடியணும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஒன்பது மாதத்தில் என்னென்ன?

ஒவ்வொரு டாக்டரின் திட்டமும் கொஞ்சம் மாறும். குஷனையும் தைத்திருந்தால் இன்னும் மெதுவாகப் போகும். பொதுவான வரிசை இது.

முதல் 2 வாரம்: வீக்கத்தைக் குறைப்பது, முட்டியை முழுசாக நீட்டுவது, முன்தொடைத் தசையை இறுக்கப் பழகுவது. இங்கே பலர் செய்யும் தவறு, சுகமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. அப்படியே விட்டால் கால் முழுசாக நீளாமல் போய்விடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

6 வாரம் வரை: ஊன்றுகோலை விட்டு நொண்டாமல் நடப்பது, நின்ற இடத்து சைக்கிள், சின்ன ஸ்குவாட். ஆபீசில் முட்டியை மடக்கியே வைத்திருக்காதீர்கள். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். இன்னொரு நாற்காலியில் காலை நீட்டுங்கள்.

3 மாதம் வரை: எடை வைத்துப் பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்பது. கேம்பஸ் ஜிம்மில் லெக் பிரஸ் மெஷின் இருந்தால் அதுதான் உங்கள் நண்பன்.

3 முதல் 6 மாதம்: தசை பலம் போதுமான அளவு வந்திருந்தால் நேர்கோட்டில் மெல்ல ஓடுவது, பிறகு குதித்து இறங்குவது.

6 முதல் 9 மாதம்: திரும்பி ஓடுவது, திடீரென நிற்பது, பந்தோடு தனியாகப் பயிற்சி, கடைசியாக அணியோடு.

டெஸ்ட்: அடிபட்ட காலின் தொடை பலம் மற்றக் காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்கணும். ஒற்றைக் காலில் தாவும் நான்கு வகை டெஸ்டிலும் அதே 90. தேறவில்லையா? பத்தாவது மாதமாக இருந்தாலும் டர்ஃபுக்குப் போக வேண்டாம்.

இடையில் கெண்டைக்காலில் திடீர் வீக்கம், வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், தையலில் நீர் வடிதல் எது வந்தாலும் பிசியோவுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தக் கட்டியோ தொற்றோ ஆக இருக்கலாம்.

இன்சூரன்ஸ் எங்கே நின்றுவிடுகிறது?

ஆபரேஷன் செலவைப் பெரும்பாலும் கம்பெனி குரூப் பாலிசி பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் பிசியோ, ‘டிஸ்சார்ஜுக்குப் பின்’ என்ற தலைப்பில் வரும். பல குரூப் பாலிசிகளில் அந்தக் காலம் 60 நாள். ஒன்பது மாதம் என்றால் சுமார் 270 நாள். கால் பங்கு முடிவதற்கு முன்பே கவரேஜ் முடிந்துவிடுகிறது. புது நார் பலவீனமாக இருக்கும் நேரமும் அதுதான்.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே எச்ஆரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை நாள் கவர்? பிசியோவுக்கு டாக்டர் சீட்டு வேண்டுமா? ஓபிடி கவர் தனியாக இருக்கிறதா? இல்லை என்றால் செலவைத் திட்டமிடுங்கள். முதல் மாதங்களில் அடிக்கடி போங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்த் திட்டத்தை மாற்றி வாங்கிக்கொண்டு, ஜிம்மிலோ வீட்டிலோ செய்யுங்கள். பாதியில் நிறுத்துவதைவிட இடைவெளி விட்டுத் தொடர்வது எவ்வளவோ மேல்.

நல்ல பிசியோவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிபிடி அல்லது எம்பிடி பட்டம் இருக்கணும். பிசியோதெரபிஸ்டுகளையும் முறைப்படுத்த 2021இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

• இதுவரை எத்தனை ஏசிஎல் கேஸ் பார்த்திருக்கிறீர்கள்?
• அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று எதை அளந்து முடிவு செய்வீர்கள்?
• தொடை பலத்தை எப்படி அளப்பீர்கள்?
• ஓட, தாவ, திரும்பப் பயிற்சி கொடுக்க இடம் இருக்கிறதா?
• ஆபரேஷன் செய்த டாக்டரோடு பேசுவீர்களா?

ஒவ்வொரு தடவையும் படுக்கவைத்து மெஷின் மட்டும் வைத்து அனுப்பினால் யோசியுங்கள். ஆரம்பத்தில் தசையைத் தூண்டும் கரண்ட் மெஷினுக்குப் பயன் உண்டு. நான்காவது மாதத்திலும் நீங்கள் வியர்க்காமல் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அது போதாது.

இன்னும் அடிபடவில்லையா?

ஃபுட்பால் விளையாடுபவர்களுக்காகவே ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ என்ற 20 நிமிட வார்ம்-அப் இலவசமாகக் கிடைக்கிறது. ஓட்டம், தசை பலம், சமநிலை, சரியாகக் குதித்து இறங்குவது எல்லாம் அதில் உண்டு. வாரம் இரண்டு தடவை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. டர்ஃபை ஒரு மணி நேரம் புக் செய்தால், 20 நிமிடம் முன்னாடியே வந்து வெளியே இதைச் செய்துவிட்டு உள்ளே போங்கள்.

ஏற்கனவே ஆபரேஷன் ஆனவர்கள், அந்தத் தேதியிலிருந்து ஒன்பதாவது மாதத்தைக் காலண்டரில் இன்றைக்கே குறித்துவையுங்கள். பக்கத்தில் ‘மேட்ச்’ என்று எழுதாதீர்கள். ‘டெஸ்ட்’ என்று எழுதுங்கள்.