பாட்டரி செத்துவிட்டதா?

வேலைக்குக் கிளம்பும் நேரம். மோட்டார் சைக்கிளின் ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினால், "டிக், டிக்" என்ற சத்தம்தான் வருகிறது. உடனே புதுப் பாட்டரி வாங்க ஓடாதீர்கள்!

முதலில் பாட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. சாவியை அணைத்துவிட்டு, வயர்களைக் கழற்றுங்கள். முனைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து, வயர்களை இறுக்கி மாட்டுங்கள். நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். கடைசியில் மாட்ட வேண்டும்.

அப்படியும் கிளம்பவில்லையா? மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுதும் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பாட்டரி, சுமார் 12.7 வோல்ட் காட்டும். என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டால், சுமார் 14 வோல்ட் வர வேண்டும்.

வரவில்லை என்றால், பாட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதுப் பாட்டரி மாட்டினால், அதுவும் இறங்கிவிடும். பணம் போகும், கோளாறு போகாது!