நாத்திகம் ஒரு சமயமா?

 

 

"நாத்திகமும் ஒரு சமயம்தானே?" எனும் கேள்வி இரு தரப்பாரிடமிருந்து எழுகின்றது. தமது கொள்கைக்கும் ஏனைய சமயங்களுக்குரிய பாதுகாப்பைக் கோரும் நாத்திகர்கள் ஒரு தரப்பார். விவாதத்தில் அவர்களது வாயை அடைப்பதற்காக, "உமக்கும் ஒரு சமயம் உண்டு, நீரும் நம்பிக்கையில்தான் வாழ்கிறீர்" என்று கூறும் நம்மவர்கள் மறு தரப்பார். பல்கலைக்கழகங்களிலும் வேலைத்தலங்களிலும் நம் பிள்ளைகள் இவ்விவாதத்தைச் சந்திக்கின்றனர். சில இல்லங்களில் அது உணவு வேளையிலும் எழுகின்றது.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது ஸூரத்துல் மாஇதாவின் 8ஆம் வசனம் தரும் கட்டளையாகும். ஒருவரது கொள்கையை உள்ளபடி விளங்கி, உள்ளபடி கூறுவதும் அந்நீதியின் ஒரு பகுதியே. அக்கண்ணோட்டத்திலேயே இவ்விடயத்தை ஆராய்வோம்.

தீன் எனும் சொல்லின் பொருள்

அறபு மொழியில் 'தீன்' எனும் சொல் விரிந்த பொருளுடையது. கீழ்ப்படிதல், கூலி கொடுத்தல், தீர்ப்பு, சட்டம், வாழ்க்கை வழி ஆகிய கருத்துக்களில் அது ஆளப்படுகின்றது. ஸூரா யூஸுபில் எகிப்து மன்னனின் சட்டத்தைக் குறிக்கவும் இச்சொல்லே வந்துள்ளது (12:76). ஸூரத்துல் காபிரூனில் இணைவைப்பாளர்களின் வழியும் 'தீன்' என்றே அழைக்கப்பட்டுள்ளது. இப்பரந்த பொருளில் நோக்கின், எதனை அடிப்படையாகக் கொண்டு ஒருவன் வாழ்கின்றானோ அதுவே அவனது தீன் எனலாம். அவ்வகையில் நாத்திகனுக்கும் ஒரு தீன் உண்டு என்று கூறுவதில் தவறில்லை.

ஆயினும் தமிழில் 'சமயம்' என்று கூறும்போது நாம் கருதுவது அதுவன்று. வணக்க வழிபாடுகள், போதனைகள், ஒழுக்க விதிகள், அவற்றைப் பேணும் ஒரு சமூகம், மரணத்தின் பின்னுள்ள நிலை பற்றிய விளக்கம் ஆகியன ஒன்று சேர்ந்ததையே சமயம் என்கின்றோம்.

இறைவனை ஏற்காமை ஒன்றை மாத்திரம் வைத்து இதனைத் தீர்மானிக்க முடியாது என்பதை இலங்கையரான நாம் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். உலகைப் படைத்த இறைவன் ஒருவன் இருக்கின்றான் என்று பௌத்தம் போதிப்பதில்லை. எனினும் அது சமயமன்று என எவரும் கூறுவதில்லை. ஏனெனில் அதற்கு மும்மணிகளைச் சரணடைதல் உண்டு. பிக்குகள் சங்கம் உண்டு. போயா தின அனுஷ்டானங்கள் உண்டு. கர்மம், மறுபிறப்பு பற்றிய போதனை உண்டு. வெறும் நாத்திகத்திலோ இவற்றுள் எதுவும் இல்லை. "இறைவன் இருப்பதாக நான் ஏற்கவில்லை" என்பதோடு அது நின்றுவிடுகின்றது. எவ்வாறு வாழ வேண்டும் என்பதையும் எதற்காக வாழ வேண்டும் என்பதையும் அவ்வொரு கூற்றிலிருந்து பெற முடியாது. எனவேதான் இறைவனை மறுப்போரில் பொதுவுடைமைவாதிகளும் உளர். அதனைக் கடுமையாக எதிர்ப்போரும் உளர்.

முன்னைய அறிஞர்களின் வகைப்பாடு

இது புதிய கேள்வியன்று. இவ்வுலக வாழ்வைத் தவிர வேறு வாழ்வில்லை, காலமே தம்மை அழிக்கின்றது என்று வாதிட்டோரைப் பற்றி ஸூரத்துல் ஜாஸியாவின் 24ஆம் வசனம் பேசுகின்றது. அவர்கள் அறிவின் அடிப்படையிலன்றி ஊகத்தின் அடிப்படையிலேயே அவ்வாறு கூறுகின்றனர் என்றும் அது சுட்டிக்காட்டுகின்றது. காலத்தைக் குறிக்கும் 'தஹ்ர்' எனும் சொல்லிலிருந்தே பிற்காலத்தில் இத்தகையோருக்கு 'தஹ்ரிய்யா' எனும் பெயர் வழங்கலாயிற்று. ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் 'அல்முன்கித் மினள் ளலால்' எனும் தமது நூலில் தத்துவவாதிகளை மூன்று வகையினராகப் பிரித்து, படைப்பாளனை மறுக்கும் தஹ்ரிகளை முதலாம் வகையினராகக் குறிப்பிடுகின்றார்கள்.

ஹிஜ்ரி 548இல் (கி.பி. 1153) மறைந்த இமாம் ஷஹ்ரஸ்தானி அவர்களின் 'அல்மிலல் வன்னிஹல்' எனும் நூல் இவ்விடயத்தில் மிகவும் பயனுள்ளதாகும். உலக மக்களின் கொள்கைகளை அவர் இரண்டாக வகுக்கின்றார். ஒன்று மார்க்கங்களைச் சார்ந்தோர். மற்றையது மனித அபிப்பிராயங்களைச் சார்ந்தோர். தஹ்ரிகளை அவர் இரண்டாம் வகையிலேயே சேர்த்தார். விக்கிரக வணக்கத்தாரும் நட்சத்திர வணக்கத்தாரும்கூட அதே வகையில் இடம்பெறுகின்றனர். அதாவது, இறைவனை ஏற்றல், மறுத்தல் என்பது அவரது அளவுகோலாக இருக்கவில்லை. வஹியைச் சார்ந்திருத்தலே அளவுகோலாக இருந்தது. எதிர்க் கொள்கையினரையும் அவரவர் கூற்றைக் கொண்டே விபரிக்க முயன்ற அவரது நேர்மை நமக்குச் சிறந்த முன்மாதிரியாகும்.

சட்டம் கூறுவது என்ன?

ஐக்கிய அமெரிக்காவின் மேரிலன்ட் மாநிலத்தில் ஒருவர் நொத்தாரிசாக நியமிக்கப்பட்டார். இறைவனை நம்புவதாகப் பிரகடனம் செய்ய மறுத்தமையால் அவருக்குப் பதவி வழங்கப்படவில்லை. 1961இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இறை நம்பிக்கையைப் போதிக்காத சமயங்களுக்கு உதாரணமாகப் பௌத்தம், தாவோயிசம் ஆகியவற்றோடு மதச்சார்பற்ற மனிதநேயக் கொள்கையையும் அத்தீர்ப்பின் அடிக்குறிப்பொன்று குறிப்பிட்டது. 2005இல், விஸ்கொன்சின் மாநிலச் சிறைக்கைதி ஒருவர் நாத்திகக் கற்கை வட்டமொன்றை அமைக்க அனுமதி கோரிய வழக்கில், அரசியலமைப்பின் சமயச் சுதந்திர ஏற்பாட்டின் நோக்கத்துக்காக நாத்திகம் சமயமாகக் கொள்ளப்பட வேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று கூறியது.

"பார்த்தீர்களா, நீதிமன்றமே நாத்திகத்தைச் சமயம் என்று கூறிவிட்டதே!" என்று இத்தீர்ப்புக்களை எடுத்துக்காட்டுவோர் உளர். ஆனால் சட்டம் இங்கு செய்வது வேறு. மனிதனின் மனச்சாட்சியைப் பாதுகாக்கும் குடை நம்பிக்கையாளனுக்கும் நம்பிக்கையற்றவனுக்கும் ஒரே குடையாக இருக்க வேண்டும் என்பதையே அது கூறுகின்றது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 1993இல் வெளியிட்ட 22ஆம் இலக்கப் பொதுக் குறிப்பும் இறை நம்பிக்கை, இறை மறுப்பு இரண்டும் பாதுகாப்புக்குரியன என்கின்றது. நமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, சமயத்தையோ நம்பிக்கையையோ தெரிவு செய்யும் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் வழங்குகின்றது. பாதுகாப்பு ஒன்றாக இருப்பதனால் பாதுகாக்கப்படும் பொருட்களும் ஒன்றாகிவிடுவதில்லை.

சமயத்தின் ஆடையை அணிந்த நாத்திகம்

எனினும் வரலாற்றில் இறை மறுப்பு சமயத்தின் உருவை எடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 நவம்பரில் பாரிஸின் நோத்ரதாம் தேவாலயத்தில் 'பகுத்தறிவு' வழிபாட்டு விழா நடாத்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஒகஸ்ட் கொம்ட் எனும் பிரெஞ்சுத் தத்துவவாதி, இறைவனின் இடத்தில் மனித குலத்தை வைத்து, குருமாரும் புனித நாட்காட்டியும் கொண்ட 'மனிதகுலச் சமயத்தை' உருவாக்கினார். 2013 ஜனவரியில் லண்டனில், இறை நம்பிக்கையற்றோர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பாடவும் உரை கேட்கவுமென ஒரு சபையும் தோன்றியது. வணக்கமும் கூட்டு வாழ்வும் மனித உள்ளம் தேடும் பொருட்கள் என்பதற்கு இவை சான்றுகளாகும். ஸூரத்துர் ரூமின் 30ஆம் வசனம் குறிப்பிடும் 'பித்ரத்' எனும் இயல்பை நாம் இங்கு நினைவுகூரலாம்.

இன்னொரு முகமும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் 1925இல் தோன்றிய நாத்திகர் சங்கம் 1947 வரை இயங்கியது. அக்காலத்தில் மத்திய ஆசியாவின் பள்ளிவாசல்கள் பெருமளவில் மூடப்பட்டன. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அல்பேனியாவில் 1967இல் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மூடப்பட்டன. அந்நாடு தன்னை நாத்திக நாடாகப் பிரகடனம் செய்தது. 1990ஆம் ஆண்டிலேயே அத்தடை நீங்கியது.

ஆனால் இவற்றைக் காட்டி, நம் அயலில் வாழும் இறை நம்பிக்கையற்ற ஓர் ஆசிரியரையோ வைத்தியரையோ குற்றவாளியாக்குதல் நீதியாகாது. சிலர் செய்த பாதகத்துக்காக ஒரு சமூகம் முழுவதும் சந்தேகக் கண்கொண்டு நோக்கப்படும் வேதனையை 2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் நாம் அனுபவித்தோம். நமக்கு விரும்பாததை நாம் பிறருக்குச் செய்யலாமா? இந்நாட்டில் வாழ்ந்து 1978இல் மறைந்த கலாநிதி ஏபிரகாம் கோவூர் இறை மறுப்பாளராக இருந்தார். அற்புத சக்தி தமக்கு இருப்பதாகக் கூறி மக்களை ஏமாற்றுவோருக்கு 1963இல் ஓர் இலட்சம் ரூபா சவாலை அவர் விடுத்தார். அவரது இறை மறுப்பை நாம் ஏற்கமாட்டோம். ஆனால் குறிகாரர்களிடம் செல்வதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்க, அவர்களை நாடிச் செல்லும் நம்மவர்கள் அச்சவாலைக் கேட்டு வெட்கப்பட வேண்டாமா?

வாயை அடைத்தல் பதிலாகாது

வாலிபர்களே! "உமது கொள்கையும் ஒரு சமயமே" என்று கூறி நீங்கள் விவாதத்தில் வென்றதாகவே வைத்துக் கொள்வோம். அதனால் இஸ்லாம் உண்மை என்பது நிரூபணமாகிவிட்டதா? இல்லை. மாறாக, 'சமயம்' என்பதை ஓர் ஏச்சுச் சொல்லாக நீங்களே ஏற்றுக்கொண்டவராகின்றீர்கள். "நீயும் என்னைப் போல் ஆதாரமின்றி நம்புபவன்தான்" என்பதே அவ்வாதத்தின் உட்பொருள். நமது ஈமான் அத்தகையதன்று.

அல்குர்ஆன் வேறு வழியைக் கற்றுத் தருகின்றது. அது சிந்திக்கத் தூண்டும் கேள்விகளை எழுப்புகின்றது. தாம் எப்பொருளுமின்றித் தாமாகவே தோன்றினரா, அல்லது தம்மைத் தாமே படைத்துக் கொண்டனரா என ஸூரத்துத் தூர் (52:35) வினவுகின்றது. பத்ர் யுத்தக் கைதிகள் தொடர்பாக மதீனா வந்திருந்த ஜுபைர் இப்னு முத்இம் அவர்கள் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. மஃரிப் தொழுகையில் நபி (ஸல்) அவர்கள் இந்த ஸூராவை ஓதக் கேட்டபோது தமது உள்ளம் பறந்துவிடும் போலிருந்தது என்று பிற்காலத்தில் அவர் கூறியதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். அவரை எவரும் பட்டஞ்சூட்டி வாயடைக்கவில்லை; ஒரு கேள்வி அவரது உள்ளத்தைத் தொட்டது.

பெற்றார்களுக்கு ஒரு வார்த்தை

"அல்லாஹ் இருப்பதை எவ்வாறு அறிவது?" என்று பிள்ளை கேட்டவுடன், "நாத்திகனாகிவிட்டாயா?" என்று சீறிப் பாயாதீர்கள். கேள்வி கேட்பவன் நாத்திகனல்லன். மரணித்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கின்றாய் எனக் காட்டுமாறு நபி இப்ராஹீம் (அலை) அவர்களே தம் இரட்சகனிடம் வேண்டினார்கள். உள்ளம் அமைதி பெறுவதற்காகவே அவ்வாறு கேட்டதாகவும் கூறினார்கள் (2:260). வாயால் கூறவும் அஞ்சும் எண்ணங்கள் தம் உள்ளங்களில் எழுவதாக ஸஹாபாக்கள் சிலர் முறையிட்டபோது, அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறியதை இமாம் முஸ்லிம் அறிவிக்கின்றார்கள்.

ஆகவே பிள்ளையை அருகில் அமர்த்திக் கேளுங்கள். பதில் தெரியாவிடின், தெரியாது என்று கூறுங்கள். அறிந்த ஆலிம் ஒருவரிடம் இருவரும் சேர்ந்து செல்லுங்கள். வீட்டில் கேட்க இயலாத கேள்வியைப் பிள்ளை வெளியில் கேட்பான். அங்கு கிடைக்கும் பதிலை நீங்கள் தெரிவு செய்ய முடியாது.

சுருங்கக் கூறின், நாத்திகம் ஒரு நிலைப்பாடு. அது தன்னளவில் சமயமன்று. சில காலங்களில் அது சமயத்தின் ஆடையை அணிந்தது. சட்டம் அதற்குச் சமயத்துக்குரிய பாதுகாப்பை வழங்குகின்றது. அதற்கு என்ன பெயர் சூட்டுவது என்பதை விட, அதனை நோக்கிச் செல்லும் உள்ளத்துக்கு என்ன பதில் வைத்திருக்கின்றோம் என்பதே நம்மிடம் விசாரிக்கப்படும் விடயமாகும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களை ஈமானில் உறுதிப்படுத்துவானாக! நமக்கு நீதியோடு பேசும் நாவையும் பொறுமையோடு கேட்கும் செவியையும் தந்தருள்வானாக! ஆமீன்.