லிஸ்பன் மாநகரில் ஒரு பகல்

உல்லாசப் பிரயாணக் கப்பல்கள் பல, போர்த்துக்கல்லின் தலைநகராகிய லிஸ்பனில் ஒரு பகலே தங்குவன. அச்சிறு பொழுதில் அந்நகரை எங்ஙனம் காண்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

துறைமுகத்தை அடுத்த குன்றின்மேல் அமைந்த அல்பாமா என்னும் பழம்பகுதியின் குறுகிய சந்துகள், 1755 நவம்பர் 1ஆம் நாள் நேர்ந்த பெரு நிலநடுக்கத்திற்குப் பெரிதும் தப்பியவை. அதன் மேற்கேயுள்ள தாழ்நிலப் பகுதியோ நிலநடுக்கத்தாலும் கடற்பெருக்காலும் தீயாலும் அழிந்து, அமைச்சர் பொம்பாலின் ஆணைப்படி நேரிய வீதிகளோடு மீண்டெழுந்தது. இவ்விரண்டையும் காலையில் நடந்தே காண்பது நலம். பழமையும் புதுமையும் அடுத்தடுத்து விளங்கும்.

பிற்பகலில் டிராம் வண்டியேறிப் பெலேம் செல்லலாம். 1497இல் வாஸ்கோ ட காமா அங்கிருந்தே இந்தியாவை நாடிக் கலஞ்செலுத்தினான். அவன் கல்லறை ஆங்குள்ள ஜெரோனிமோஸ் மடத்தில் இருக்கின்றது. காண்போர் அனைவரும் அதனை வியப்பர். தமிழராகிய நாமோ மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். தமிழ்மொழி முதன்முதல் அச்சேறியது இந்நகரிலேயே. 1554இல் வெளிவந்த அக்கிறிஸ்தவ மறைச்சுவடியைத் தமிழிற் பெயர்த்தோர் தமிழர் மூவர். தமிழுக்கு அச்செழுத்து இன்னும் வார்க்கப்படாமையால் அஃது உரோம எழுத்தில் அமைந்தது. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே நூல் அச்சாயிற்று.

கற்கோபுரங்களை மட்டும் கண்டு, அச்சிறு நூலை எண்ணாது கப்பலேறும் நம்மவர், நகரின் பாதியையே கண்டவராவர்.