கல்லில் கட்டிய மேற்கட்டி

சித்தன்னவாசல் குடைவரைக் கோயிலுக்குப் போகிறவர்கள் மண்டப விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், தூண்களில் ஆடல் மகளிரைத் தேடுவார்கள். கருவறைக்குள் நுழைந்ததும் எதிரொலி கேட்பதற்காக ஒருமுறை ‘ஓம்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். அந்தச் சிறிய அறையின் விதானத்தில் ஒரு துணி விரிந்திருக்கிறது. கோடு போட்ட கரை, உள்ளே சதுரங்கள், வட்டங்கள், சிலுவை போன்ற வடிவங்கள், இடையிடையே மனித உருவங்கள், சிங்கங்கள். நம் கோயில்களில் சுவாமிக்கு மேலே கட்டும் அதே மேற்கட்டியைத்தான் இங்கே சமண அறிவர்களின் தலைக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சில் வண்ணமாகத் தீட்டியிருக்கிறார்கள்.

பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாக இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அன்றைய கோயில்களில் தொங்கிய நிஜமான துணிகளில் ஒரு முழம்கூட நம்மிடம் இல்லை. ஈரக்காற்று, கரையான், விளக்குப் புகை எல்லாம் சேர்ந்து தின்றுவிட்டன. பழையதைக் கழித்துப் புதியது சாத்துவது நம் வழக்கமும்கூட. அதனால்தான் சித்தன்னவாசல் விதானம் எனக்கு ஓவியத்துக்கும் மேலான சான்றாகப் படுகிறது.

அந்தத் துணிகள் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய, வடமேற்குச் சீனத்துப் பாலைவன ஓரத்தில் இருக்கும் துன்ஹுவாங் வரை போக வேண்டும். அதுவும் பாறையைக் குடைந்த கோயில்தான், பௌத்தர்களுடையது. அங்கும் குகை விதானங்களின் நடுவே தொங்கல் வைத்த மேற்கட்டியைத் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் வறண்ட காற்று அங்கே நிஜப் பட்டையும் காத்துக்கொடுத்தது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் வைத்து அடைக்கப்பட்ட ஓர் அறை 1900-இல் திறந்தது. உள்ளே ஓலைக்கட்டுகளுக்குப் பதில் காகிதச் சுருள்கள். அவற்றோடு பட்டுக் கொடிகள், பீட விரிப்புகள், பக்தர்கள் கொடுத்த துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த பெரிய சீலை ஒன்று.

அங்கே கிடைத்ததில் என்னை மிகவும் நிறுத்திவைப்பது 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பூவேலைப் பட்டு. உயரம் சுமார் 8 அடி. நடுவே புத்தர் நிற்கிறார். இருபுறமும் சீடர்கள், போதிசத்துவர்கள். ஒரு தையலின் நூலைப் பிளந்து, அதன் நடுவிலிருந்து அடுத்த தையலை எடுக்கும் முறையில் உருவங்கள் முழுவதையும் இழை இழையாக நிரப்பியிருக்கிறார்கள். கீழே, அதைச் செய்து கொடுத்த குடும்பத்து ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். மடித்து வைத்திருந்த இடத்தில் சீடர்களின் உருவம் சிதைந்துவிட்டது. புத்தரின் தலைக்கு மேலேயும் ஒரு மேற்கட்டி. அதுவும் ஊசியால் வரைந்தது.

ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் 1907-இல் எடுத்துச் சென்ற அந்தப் பட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய பயணச் செலவில் ஐந்தில் மூன்று பங்கை அன்றைய இந்திய அரசு ஏற்றது. அதனால் அவர் கொண்டுவந்தவற்றில் ஒரு பகுதி டில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. நம் வரிப்பணத்தில் வந்த சீனப்பட்டு நம் நாட்டிலேயே இருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

பக்தர்கள் கொடுத்த பட்டு மட்டுமல்ல, அரசவைப் பட்டும் கோயிலுக்குத்தான் வந்து சேர்ந்தது. சீனத்துச் சிங் வம்ச அரசர்கள் காலத்து டிராகன் அங்கிகள் திபெத்திய மடாலயங்களுக்குக் கொடையாகப் போய், வெட்டப்பட்டு, மேற்கட்டியாகவும் தூண் உறையாகவும் மாறின. சீனப் பேரரசர் யோங்லெ காலத்துப் பூவேலைத் தங்கா (திபெத்திய பௌத்தத் தொங்குசீலை) ஒன்று 2014-இல் ஹாங்காங் ஏலத்தில் சுமார் 4.5 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. சித்தன்னவாசல் விதானத்துக்கு விலையும் இல்லை, அதைச் சுட்டிக்காட்ட ஆளும் இல்லை.

மங்கிவரும் அந்த வடிவங்களை அளவெடுத்து, முழு அளவில் துணியிலேயே செய்து அருகிலுள்ள திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் தொங்கவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் அதன் கீழே நின்று பார்த்துவிட்டுக் குகைக்குப் போகட்டும். வெட்டுத் துணியில் தேர்ச்சீலையும், தொம்பை என்னும் தொங்கும் துணி உருளையும் தைக்கிறவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களைக் கேட்டால் செய்துகொடுப்பார்கள்.