வாசலும் ஒரு சந்திதான்

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். கல்லையும் முள்ளையும் அகற்றும் நாம், நமது வாசலே இடையூறாகலாம் என்பதைச் சிந்திக்கிறோமா?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டியதும் அக்குறணை. பிங்கா ஓயாவை ஒட்டிய பள்ளத்தாக்கில் வீதியோரமாகவே வளர்ந்த ஊர். தூரப் பயண பஸ்ஸும், கடைக்குள் திரும்பும் வேனும், பாடசாலை விட்டு வரும் பிள்ளையும் அதே வீதியில்தான்.

நான்கு வீதிகள் கூடும் சந்தியில் வாகனங்களின் வழிகள் ஒன்றோடொன்று முட்டும் இடங்கள் 32 என்பது போக்குவரத்துப் பொறியியலாளர்களின் கணக்கு. முச்சந்தியில் 9. பிரதான வீதிக்குத் திறக்கும் ஒவ்வொரு கேட்டும் ஒரு முச்சந்தியே! வலப்பக்கம் திரும்பாமல், இடப்பக்கமாகவே நுழைந்து இடப்பக்கமாகவே வெளியேறினால் அந்த 9, 2 ஆகிவிடும்.

ஆகவே, அடுத்தடுத்த கடைக்காரர்கள் பேசி ஒரே வாகன வாசலை வைத்துக்கொள்ளலாம். ஒழுங்கை உள்ள வீட்டார் கேட்டை அந்தப் பக்கம் திறக்கலாம். சந்தியின் அருகில் வாசல் வேண்டாம். கேட் திறக்கும்வரை வாகனம் வீதியில் நிற்காதபடி, கேட்டைச் சற்று உள்ளே அமையுங்கள். உள்ளேயே திருப்ப இடமிருந்தால், பின்பக்கமாக வீதிக்கு வரத் தேவையில்லை. ஜும்ஆ நேரத்தில் ஒழுங்கை வாயிலை வாகனங்கள் மறைக்காதபடி பள்ளி நிர்வாகத்தினர் கவனிக்கட்டும்.

வீதியோரம் அமர்வோர் வீதிக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்றும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அதில் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். வீதியோரம் கடையும் வீடும் கட்டி வாழும் நமக்கு அந்தக் கடமை இன்னும் அதிகமல்லவா?